தெரு கூடி எடுத்த முடிவு

வணக்கம் ஐயா,

என் பெயரும் ஊரும் வேண்டாம். நாங்கள் இருப்பது நாற்பது வீடுகள் உள்ள தெரு. இரண்டு மாதத்துக்கு முன்பு இங்கே ஒரு பத்து வயதுப் பையன், கணக்கு ட்யூஷன் எடுக்கும் பெரியவர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் ஓய்வுபெற்றவர். வசதி இல்லாத பிள்ளைகளிடம் காசு வாங்க மாட்டார். பிள்ளையார் சதுர்த்தி வசூல் நோட்டு வருஷா வருஷம் அவர் கையில்தான் இருக்கும். குடியிருப்போர் சங்கத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசினோம். போலீஸுக்குப் போனால் பையன் பெயர் கெடும், தெருவின் பெயரும் கெடும் என்று முடிவாகி, அவரை வீட்டைக் காலி செய்யச் சொன்னோம். மறுபேச்சு இல்லாமல் போய்விட்டார்.

போன வாரம் கேள்விப்பட்டேன், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நகரில் ட்யூஷன் போர்டு மாட்டியிருக்கிறாராம். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இனி இப்படி நடக்காமலிருக்க சங்கத்தில் கூட்டம் போடுகிறார்கள். சிசிடிவி வைக்கலாம், தெருமுனையில் கேட் போட்டு வெளியாட்களை விசாரிக்கலாம் என்கிறார்கள். ஒரு தெருவாக நாங்கள் வேறு என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த இரவே முதல் விஷயத்தை மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே மறுபடியும் சொல்கிறேன். கூட்டம் காத்திருக்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இது நல்ல மனிதர்களுக்கு நான் சொல்லும் யோசனை அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர், யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் இருப்பதற்கு 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பள்ளி, நிறுவனம் போன்றவற்றின் பொறுப்பாளர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. அன்று உட்கார்ந்து பேசிய நான்கைந்து பேருக்கும் இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு எதுவும் வராது என்பதும் அதே 19-ஆம் பிரிவில் இருக்கிறது. அதையும் அவர்களிடம் சொல்லுங்கள், பலருடைய பயம் அதுதான்.

நீங்கள் செய்ததற்கு நம் ஊரில் பெயர் உண்டு, கட்டப்பஞ்சாயத்து. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சரி. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மீது போக்சோ வழக்கு. சிறுமியின் குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு, வழக்கு நடக்க வேண்டும் என்றது. இப்படிப்பட்ட குற்றங்கள் இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்கிற தனிப்பட்ட விவகாரம் அல்ல என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. மேல்முறையீட்டுக்குப் போனது அந்தக் குடும்பம் இல்லை, வழக்கில் தரப்பாக இல்லாத வெளியாட்கள். அவர்களுக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டிருப்பார்கள். உங்களையும் கேட்பார்கள்.

இனி சிசிடிவி. வையுங்கள், சைக்கிள் திருடனைப் பிடிக்க உதவும். உங்கள் பெரியவரை அந்தக் கேமரா என்ன செய்திருக்கும்? தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் பிள்ளைகளை வாசலில் சிரித்து வரவேற்பதைப் பதிவு செய்திருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், போக்சோ வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்கள்தான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மாஸ்டர், வேன் டிரைவர். 2018-இல் சென்னை அயனாவரம் அடுக்குமாடியில் ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு நினைவிருக்கும். நூற்றுக்கணக்கான வீடுகள், கேட், காவலாளி எல்லாம் இருந்த இடம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்த வளாகத்திலேயே வேலை பார்த்த காவலாளி, லிஃப்ட் ஆபரேட்டர், பிளம்பர் போன்றவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை ஆனது.

அதே 2018-இல், மே மாதம், போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் காரை நிறுத்தியது. அந்த வீட்டு மூதாட்டி தெருவில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் என்று வாட்ஸப் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். அடித்தே கொன்றுவிட்டார்கள். முன்பின் தெரியாத கிழவி மேல் அவ்வளவு ஆத்திரம் வருகிற நமக்கு, தெரிந்த மனிதர் என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கே நாக்கு தயங்குகிறது.

எங்கள் ஊரில் வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது. அரை மணிக்கு ஐம்பது பைசா. கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்வார். சில பையன்களுக்கு மட்டும், "இன்னொரு ரவுண்டு போயிட்டு வா, காசு வேண்டாம்" என்பார். அந்த இன்னொரு ரவுண்டுக்கு அவர் எதைக் கேட்பார் என்று எங்கள் செட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாது, அல்லது தெரியாதது போல இருந்தார்கள். நாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டோம்: அந்தக் கடைக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது, பஞ்சர் என்றாலும் இரண்டு பேர். ஊரில் அப்போது இருந்த ஒரே குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் அதுதான். போட்டவர்களுக்குப் பத்து, பதினோரு வயது.

ஒரு நாள் அம்மாவிடம், "அந்தக் கடையில இனிமே சைக்கிள் எடுக்க மாட்டேன்" என்றேன். "நல்லதாப் போச்சு, ஐம்பது பைசா மிச்சம்" என்றாள். குழந்தை முழுதாக ஒரேயடியாகச் சொல்லாது. இப்படி ஒரு நுனியை நீட்டிப் பார்க்கும். ட்யூஷன் போக மாட்டேன், வயிறு வலிக்கிறது, அந்த மாமா மடியில் உட்கார மாட்டேன். நாம் சோம்பல் என்போம், மரியாதை தெரியாத பிள்ளை என்போம். பள்ளிகளில் சொல்லித்தரும் நல்ல தொடுகை, கெட்ட தொடுகை பாடத்தின் மேல் எனக்கு இருக்கும் குறையும் இதுதான். பாடம் தேவைதான். ஆனால் பரீட்சையைக் குழந்தைக்கு வைத்துவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம்.

உங்கள் பெரியவரின் இலவச ட்யூஷனும் வசூல் நோட்டும் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்லவர் இப்படிச் செய்துவிட்டாரே என்ற அதிர்ச்சி அந்த வரிகளில் தெரிந்தது. இப்படிப்பட்டவர்கள் குழந்தையை மட்டும் வசப்படுத்துவதில்லை, முதலில் தெருவை வசப்படுத்துவார்கள். குழந்தை வாய் திறக்கும் நாளில் தெரு யார் பக்கம் பேச வேண்டும் என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். தெருவுக்கு நல்லது செய்பவரையெல்லாம் சந்தேகப்படச் சொல்கிறேனா? இல்லை. ஆளைப் பார்த்துச் சலுகை தராத விதிகளைப் போடச் சொல்கிறேன். ட்யூஷன் என்றால் முன்னறையில், கதவு திறந்திருக்க வேண்டும். கடைசிப் பிள்ளையைத் தனியாக நிறுத்தி வைக்கக் கூடாது. ஒரு பிள்ளையை மட்டும் வண்டியில் கூட்டிப் போகக் கூடாது. எந்தப் பெற்றோரும் எந்த நேரமும் உள்ளே வரலாம். நல்ல ஆசிரியருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. பள்ளி, விளையாட்டுப் பயிற்சி மையம் போன்ற இடங்களில் வேலைக்கு வருபவர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும் என்று 2020 போக்சோ விதிகளே சொல்கின்றன. உங்கள் பிள்ளைகள் போகும் இடங்களில் செய்திருக்கிறார்களா என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

அப்புறம், புகார் கொடுத்த பிறகு. தெருவின் வேலை அதிகம் இருப்பது அங்கேதான், எல்லோரும் காணாமல் போவதும் அங்கேதான். அந்த அம்மாவுக்கு ஸ்டேஷன் என்றாலே நடுக்கம் இருக்கும். பையனின் வாக்குமூலத்தை அவன் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும், வரும் போலீஸ் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது, பெற்றோர் கூட இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இதை யாராவது அவளிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் அவன் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்கும்படி நிறுத்தக் கூடாது. விசாரணையை முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது, இழுத்துக்கொண்டும் போகும். குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டால் வழக்கு முடியும்வரை கூடவே இருக்க ஒரு ஆதரவாளரை நியமிப்பார்கள். அது போக, வாய்தா நாளில் அவர்களுடைய சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும், அப்பா லீவு போட்ட நாளின் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட ஒருவர் வேண்டும். தெரு வாட்ஸப் குழுவில் பையன் பெயரோ வீட்டு எண்ணோ வரக் கூடாது. என்ன நடந்தது என்று அக்கறையாகக்கூட அவனைத் துருவ வேண்டாம்.

கூட்டத்துக்கு முன் ஒன்று கேட்க வேண்டும். பெரியவர் எங்கே போனார், என்ன போர்டு மாட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கம் என்ன பேசியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் எப்படி இருக்கிறான்? சாயங்காலம் தெருவில் விளையாட வருகிறானா?