உப்பும் சீனியும் தண்ணீரில் கரைவது ஒரே விதமாகவா? பிணைப்புப் பாடமும் கரைசல் பாடமும் எங்கே சந்திக்கின்றன?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விடயங்கள். உப்புக் கரைசல் மின்னைக் கடத்துகிறது, சீனிக் கரைசல் ஏன் கடத்தவில்லை? கரையும்போது எந்தப் பிணைப்பு உடைகிறது? யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்ன? எனக்கு மூன்றாவது கேள்விதான் அதிகம் பிடித்தது. ஆனால் முதல் இரண்டும் தெளியாமல் அதற்குப் போக முடியாது.

நான் கோண்டாவில் பக்கத்தில் சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவன். பிணைப்பும் கரைசலும் வேறு வேறு அலகுகளாக, இடையில் பல மாதங்கள் விட்டு நடத்தப்படுகின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும். ஒரு பொருள் கரைகிறதா என்று பார்க்கும்போது நாம் உண்மையில் பார்ப்பது ஓர் இழுபறியை. அந்தப் பொருளின் துணிக்கைகள் தமக்குள் பிடித்திருக்கும் பிடி ஒரு பக்கம், தண்ணீர் அவற்றை இழுக்கும் இழுப்பு மறு பக்கம்.

முதலில் உப்பு. சோடியம் அணுவின் இறுதிச் சக்திமட்டத்தில் ஓர் இலத்திரன், குளோரீனில் ஏழு. சோடியம் அந்த ஒன்றைக் கொடுத்து நேரேற்றம் பெறுகிறது. குளோரீன் அதை வாங்கி மறையேற்றம் பெறுகிறது. இப்படி ஏற்றம் பெற்றவைதான் அயன்கள்; குளோரீனின் அயனுக்குக் குளோரைட்டு என்று பெயர். இவ்வளவையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். அதன் பிறகு ஒரு சோடியமும் ஒரு குளோரீனும் கைகோத்துச் சோடியாக நிற்பதாகப் படம் வரைவார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. திண்ம உப்பில் அப்படிப்பட்ட சோடிகள் இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனைச் சுற்றியும் ஆறு குளோரைட்டு அயன்கள், ஒவ்வொரு குளோரைட்டைச் சுற்றியும் ஆறு சோடியம் அயன்கள் என்று மேலும் கீழும் பக்கவாட்டிலும் அடுக்கு நீண்டுகொண்டே போகும். எந்தச் சோடியம் எந்தக் குளோரைட்டுக்குச் சொந்தம் என்று கேட்க இடமே இல்லை. கரடுமுரடான கல்லுப்பில் ஒரு பரலை எடுத்துக் கைவில்லைக்குக் கீழே பாருங்கள். உடைந்த விளிம்புகூடச் செங்கோணமாகவே நிற்கும், பெட்டிக்கு மேல் சிறு பெட்டி வைத்ததுபோல. உள்ளே இருக்கும் அடுக்கின் ஒழுங்கு வெளியே தெரிகிறது. இந்த அடுக்கைச் சூட்டினால் கலைக்க 801 பாகை செல்சியஸ் வேண்டும்.

சீனி வேறு சாதி. அதில் இலத்திரன் கொடுக்கல் வாங்கல் இல்லை, பங்கீடுதான். 12 காபன், 22 ஐதரசன், 11 ஒட்சிசன் அணுக்கள் பங்கீட்டு வலுப் பிணைப்பால் சேர்ந்தது ஒரு சீனி மூலக்கூறு. பங்கீட்டு வலுப் பிணைப்பை நம் ஊர்ப் பங்குக் கிணற்றை வைத்து விளங்கிக்கொள்ளலாம். இரண்டு காணிக்கும் ஒரு கிணறு. இருவருக்கும் உரிமை உண்டு. அதனாலேயே இருவரும் பிரிந்து போக முடியாது. கிணறு எல்லையின் நடுவில் இருந்தால் பங்கு சமம். ஒரு வீட்டின் அடுப்படிக்கு அருகில் இருந்தால், உறுதியில் பாதிப் பங்கு என்று எழுதியிருந்தாலும் தண்ணீர் அதிகம் போவது அந்த வீட்டுக்குத்தான். தண்ணீர் மூலக்கூறில் ஒட்சிசன் அந்த வீடு. பங்கிட்ட இலத்திரன்களைத் தன் பக்கம் இழுக்கும் வலுவுக்கு மின்னெதிர்த்தன்மை என்று பெயர். அது ஒட்சிசனுக்கு 3.44, ஐதரசனுக்கு 2.20. பங்கிட்ட இலத்திரன்கள் ஒட்சிசன் பக்கம் சாய்வதால் அங்கே சிறிது மறையேற்றம், ஐதரசன் பக்கம் சிறிது நேரேற்றம். மூலக்கூறு நேர்கோடாக இருந்திருந்தால் இரு பக்கச் சாய்வும் ஒன்றையொன்று சமன் செய்திருக்கும். ஆனால் அது 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருக்கிறது. எனவே முழு மூலக்கூறுக்கும் ஒரு மறை முனையும் ஒரு நேர் முனையும் கிடைத்துவிடுகின்றன.

இனி கரைசலுக்கு வரலாம். உப்பைத் தண்ணீரில் போட்டதும் தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஒட்சிசன் பக்கத்தைச் சோடியம் அயனுக்குக் காட்டுகின்றன, ஐதரசன் பக்கத்தைக் குளோரைட்டுக்குக் காட்டுகின்றன. பல மூலக்கூறுகள் ஒன்றாகச் சூழ்ந்து இழுக்கும்போது அடுக்கின் மூலையிலும் விளிம்பிலும் இருக்கும் அயன்கள் முதலில் கழன்று வருகின்றன. இங்கே அயன் பிணைப்பு கலைகிறது. கரைசலில் தனித்தனி அயன்கள் திரிகின்றன.

சீனி கரையும்போது நடப்பது வேறு. வகுப்பில் ஒரு பிள்ளை, "சேர், சீனி கரையும்போது காபனும் ஐதரசனும் தனித்தனியாகப் பிரிந்துவிடுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பிரிந்தால் தேநீர் இனிக்காது. சீனி மூலக்கூறுக்குள் இருக்கும் பங்கீட்டு வலுப் பிணைப்பில் ஒன்றுகூட உடைவதில்லை. ஒரு சீனி மூலக்கூறுக்கும் அடுத்த சீனி மூலக்கூறுக்கும் இடையில் இருந்த ஐதரசன் பிணைப்புகள்தான் (ஒன்றின் நேர் முனை ஐதரசனை மற்றதின் மறை முனை ஒட்சிசன் இழுக்கும் இழுப்புகள்) விடுபடுகின்றன. அவற்றின் இடத்தில் சீனிக்கும் தண்ணீருக்கும் இடையே புதிய ஐதரசன் பிணைப்புகள் உண்டாகின்றன. மூலக்கூறு முழுசாகவே மிதந்து போகிறது. அதற்கு ஏற்றம் இல்லை, ஆகவே மின்னைச் சுமக்க ஆளில்லை. உங்கள் முதலாவது கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு 9 வோல்ற் பற்றரி, ஒரு சிறிய எல்.ஈ.டி. மின்குமிழ், இரண்டு துண்டு வயர் போதும். வீட்டு மின்னிணைப்பை இதற்குக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். வயர் முனைகள் ஒன்றையொன்று முட்டினால் குமிழ் எரிந்துபோகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் முனைகளை வைத்தால் குமிழ் பளிச்சென்று எரியும். முனைகளில் நுண்ணிய குமிழிகள் எழும். சற்று நேரத்தில் குளோரீன் மணம் வரும், அதனால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இங்கே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. கிணற்றுத் தண்ணீரில் சீனியைக் கரைத்துச் சோதித்தால் குமிழ் மங்கலாக எரியும். உடனே "சீனிக் கரைசலும் கடத்துகிறது" என்று அவதானத்தில் எழுதிவிடுவார்கள். எரியச் செய்தது சீனி அன்று, கிணற்று நீரில் ஏற்கனவே இருந்த அயன்கள். பற்றரிக்கு விடும் வடித்த நீரை வாங்கி அதில் செய்தால் குமிழ் எரியாது.

இன்னொரு தவறான எண்ணம், மின்னோட்டம்தான் உப்பை அயன்களாகப் பிரிக்கிறது என்பது. பெரிய விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். மின்னோட்டம் இல்லாமலே கரைசலில் அயன்கள் இருக்கின்றன என்ற கொள்கைக்கு அடித்தளம் இட்டவர் சுவீடனைச் சேர்ந்த அரேனியசு. 1884 இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த ஆய்வேட்டுக்குக் கிடைத்தது குறைந்த தரம்தான். அதே வழியில் தொடர்ந்த வேலைக்கு 1903 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வகுப்பில் பின்வாங்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல நான் தவறுவதில்லை.

தேங்காய் எண்ணெய் ஏன் கரையவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காபனுக்கும் (2.55) ஐதரசனுக்கும் மின்னெதிர்த்தன்மை வேறுபாடு சிறிது, நீண்ட எண்ணெய் மூலக்கூறின் பெரும்பகுதியில் தண்ணீர் பற்றிக்கொள்ள முனை இல்லை. தண்ணீர் தன் இனத்தோடு சேர்ந்து நின்றுவிடுகிறது.

எவ்வளவு கரையும் என்பது சுவையான பகுதி. 20 பாகையில் 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும். கொதிநிலைக்குச் சூடாக்கினாலும் 39 கிராம் அளவுதான். சீனியோ 20 பாகையிலேயே 200 கிராம் கரையும். கொதிநிலையில் 480 கிராமையும் தாண்டும். இந்த இரண்டு எண்சோடிகளுக்குள் நம் பக்கத்துத் தொழில்கள் இரண்டு அடங்கியிருக்கின்றன. பனங்கற்கண்டு செய்பவர்கள் கருப்பநீரைக் காய்ச்சிப் பாகாக்கி ஆறவிடுகிறார்கள். சூட்டில் கரைந்திருந்த சீனியை ஆறிய பாகு தாங்கமாட்டாமல் பளிங்காக வெளியே விடுகிறது. ஆனையிறவு உப்பளத்தில் அந்த வித்தை பலிக்காது. உப்புநீரை எவ்வளவு ஆறவைத்தாலும் விழும் உப்பு மிகச் சொற்பம். எனவே வெயிலில் தண்ணீரையே போக்கடிக்க வேண்டும். கடல்நீர் வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்று, பின்னர் சிப்சம், அதற்குப் பிறகே கறியுப்பு படியும்; கசப்பான மகனீசிய உப்புகள் கடைசி நீரில் தங்கிவிடும். பாத்தியிலிருந்து எப்போது நீரை மாற்றுவது, எப்போது வாரியெடுப்பது என்பதெல்லாம் கரைதிறன் வித்தியாசத்தை நம்பி நடக்கும் வேலை.

செறிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். ஒரு மூல் சோடியம் குளோரைட்டு 58.5 கிராம். ஒரு லீற்றருக்கு ஒரு மூல் என்ற கரைசல் தயாரிக்கச் சொன்னால், 58.5 கிராம் உப்பில் ஒரு லீற்றர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். முறை அதுவன்று. சிறிது நீரில் உப்பைக் கரைத்துக் கனமானக் குடுவையில் இட்டு, பிறகு மொத்தக் கனவளவு ஒரு லீற்றர் குறிக்கு வரும்வரை நீர் சேர்க்க வேண்டும். லீற்றர் என்பது கரைசலின் கனவளவு. புள்ளி போகும் இடம் இது.

இனி உங்கள் கேத்தில். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். சுண்ணாம்புக்கல் என்பது கல்சியம் காபனேற்று, அயன் பிணைப்புள்ள பொருள். "அயன் சேர்வைகள் தண்ணீரில் கரையும்" என்று மனப்பாடம் செய்தவர் இங்கே திகைப்பார், ஏனென்றால் தூய நீரில் லீற்றருக்குப் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான் கரையும். கல்சியத்துக்கு இரண்டு நேரேற்றம், காபனேற்றுக்கு இரண்டு மறையேற்றம். உப்பைவிட அடுக்கின் பிடி பல மடங்கு இறுக்கம், இழுபறியில் தண்ணீர் தோற்றுவிடுகிறது. (ஏற்றத்தின் கணக்கு மட்டும் முழுக் காரணமாகாது, எந்திரப்பி என்று ஒன்றும் இருக்கிறது. உயர்தரத்துக்குப் போனால் அதைப் படிப்பீர்கள்.)

அப்படியானால் கிணற்று நீருக்குள் கல்சியம் எப்படி வந்தது? ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லோடு தாக்கம் புரிந்து, நன்றாகக் கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றை உண்டாக்குகிறது. இது வெறும் கரைதல் அன்று, இரசாயனத் தாக்கம். இப்படிக் கல் கரைந்து உண்டான நிலத்தடிப் பொந்துகளில்தான் நம் தண்ணீர் நிற்கிறது. நிலாவரைக் கிணறு அதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். அங்கே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்பதற்குக் காரணம், உப்புக் கரைந்த நீரின் அடர்த்தி அதிகம் என்பது.

கொதிக்கவைத்தால் தாக்கம் திரும்பி நடக்கிறது. காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, இருகாபனேற்று மறுபடி காபனேற்றாகிறது, கரைய முடியாமல் கேத்திலின் அடியில் படிகிறது. படிவில் ஒரு செதிலைப் பெயர்த்துத் தட்டில் வைத்து அதன்மேல் சில துளி வினாகிரி விடுங்கள். செதிலின் ஓரத்திலிருந்து குமிழிகள் கிளம்பும். ஓரம் மெல்ல மெல்லப் பொடிந்து செதில் சிறுத்துப்போகும். மழைநீர் கல்லுக்குச் செய்ததை வினாகிரி வேகமாகச் செய்துகாட்டுகிறது. கேத்திலைச் சுத்தப்படுத்தவும் இதே வழிதான். உரசித் தேய்ப்பது வீண் வேலை.

இந்தப் படிவைக் கண்டு, "கொதிக்கவைத்தால் தண்ணீரில் உள்ளதெல்லாம் அடியில் இறங்கிவிடும்" என்று நம்புகிறவர்கள் பலர். இறங்குவது கரையாததாக மாறிய பகுதி மட்டும். தோட்டத்து உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நம் கிணறுகளுக்கு வரும் நைத்திரேற்று அப்படியன்று. நைத்திரேற்று உப்புகள் ஏறக்குறைய எல்லாமே நன்றாகக் கரைபவை. கொதிக்கவைத்தால் ஆவியாகாது, படியவும் படியாது. கிருமி சாகும், நைத்திரேற்று இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. சரியாக அந்த அளவு உள்ள ஒரு லீற்றர் தண்ணீர் கொதித்து முக்கால் லீற்றராக வற்றினால், அதே 50 மில்லிகிராம் இப்போது முக்கால் லீற்றருக்குள் இருக்கும். செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 67 மில்லிகிராம். குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இந்த ஒரு கணக்கையாவது சொல்லிவையுங்கள். கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கக் கொடுப்பதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை.