சாப்பிட உட்கார்ந்தாலே தாடைக்கு அடியில் வீங்கி, கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடுகிறது. பல் கோளாறா?

பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள். நான் பிடுங்கிக்கொண்டவன்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த நேரம். மதியம் தூக்குவாளியைத் திறந்து புளிக்குழம்பு வாசம் வந்தால் போதும், இடது தாடைக்கு அடியில் நெல்லிக்காய் கணக்காகப் புடைக்கும். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். அம்மா பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலியை மாட்டிவிட்டார். (பொன்னுக்கு வீங்கி சோற்று வேளை பார்த்து வந்து போகாது.) அப்புறம் ஒரு கடைவாய்ப்பல் போனது. வீக்கம் போகவில்லை.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மா, கையுறை போட்ட விரலை நாக்குக்கு அடியில் விட்டு, மறு கையால் தாடையைக் கீழிருந்து தூக்கி நெருடிப் பார்த்தார். "எச்சில் வர்ற குழாய்ல கல்லு இருக்கு." ஸ்கேனில் 6 மில்லிமீட்டர்.

எச்சில் சுரப்பிக் கற்களில் 80 சதவீதத்துக்கு மேல் தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியில்தான் வருமாம். அங்கே ஊறும் எச்சில் கெட்டி, கால்சியமும் அதிகம். போதாததற்கு நாக்குக்கு அடிவரை மேல்நோக்கி ஏற வேண்டும். சாப்பாட்டைப் பார்த்ததும் ஊறுகிறது, வழியில் கல், அதனால் வீக்கம். வாழைத்தண்டுச் சாறு இந்தக் கல்லைக் கரைக்காது, நானும் குடித்துப் பார்த்தேன்.

சின்னக் கல்லாக இருந்தால் நிறையத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னால் நீவிவிடுவது, பல நேரம் இதிலேயே வெளியே வந்துவிடும். 4 மில்லிமீட்டருக்குள் என்றால் மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுச் சின்ன வலைக்கூடையில் பிடித்து எடுக்கிறார்கள். சுரப்பியையே எடுப்பது கடைசி வழிதான்.

என் கல் வாய்ப்பக்கம் நெருங்கி நின்றதால் மரத்துப்போகும் ஊசி மட்டும். கல் பின்னால் நழுவாதபடி முதலில் அதற்குப் பின்னே ஒரு தையல் போட்டு இறுக்கினார், அப்புறம்தான் குழாயைக் கீறினார். இருபது நிமிடம் இருக்கும். பழுப்பு மஞ்சளில், சொரசொரவென்று, உடைத்த துவரம்பருப்பு மாதிரி ஒன்று தட்டில் விழுந்தது. இதற்கா ஒரு பல்லைக் கொடுத்தேன் என்று வயிறு எரிந்தது.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடமே போங்கள். காய்ச்சலோ, நாக்குக்கு அடியில் சீழோ வந்தால் அன்றைக்கே. வலியே இல்லாமல், வடியவும் வடியாமல் கட்டி நின்றால் அது வேறு சங்கதி, அதையும் தள்ளிப்போடாதீர்கள்.