நகம் கிடக்கட்டும், அந்தத் தொண்டை இறுக்கத்தைப் பார்ப்போம்

கேள்வி: எனக்கு 47 வயது. நான்கு வருடமாக ஓடுகிறேன். அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன், இன்னும் பத்து வாரத்தில் முதல் முழு மாரத்தான். ஓட்டப் பந்தயத்தில் ஆட்கள் சரிந்து விழும் வீடியோக்களாகப் பார்த்து இப்போது பயமாக இருக்கிறது. ஓடும்போது என் வாட்ச் சில நாள் இதயத்துடிப்பு 182 என்று காட்டுகிறது, ஓய்வில் 50தான். கால் பெருவிரல் நகங்கள் கறுத்துவிட்டன. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் படி இறங்கினால் முட்டி வலிக்கிறது, அதனால் ஓடும் முன்பே ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்கிறேன். ஒன்றரை மாதமாக, ஓட ஆரம்பித்த சில நிமிடங்களில் தொண்டையும் தாடையும் இறுக்கிப் பிடிக்கின்றன, வேகத்தைக் குறைத்தால் விட்டுவிடுகிறது, அப்புறம் வருவதில்லை. கேஸ் என்று நினைத்து மாத்திரை எடுக்கிறேன். அப்பாவுக்கு 51 வயதில் பைபாஸ் நடந்தது. முன்னெச்சரிக்கையாகத் தினமும் ஆஸ்பிரின் போடலாமா? வீட்டில் எதையும் சொல்லவில்லை, சொன்னால் ஓட விடமாட்டார்கள்.

பதில்: இன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒரு இதய மருத்துவர் உங்களைப் பரிசோதித்து "ஓடலாம்" என்று சொல்லும்வரை நடையோடு சரி, அதுவும் மெதுவாக, சமதளத்தில். அவரைப் பார்ப்பதும் இந்த வாரமே நடக்க வேண்டும். பந்தயம் முடியட்டும், அடுத்த மாதம் சாவகாசமாகப் போகலாம் என்ற கதையெல்லாம் வேண்டாம்.

கடிதத்தில் நகத்துக்கும் வாட்சுக்கும் கொடுத்த இடத்தை அந்த இறுக்கத்துக்கு நீங்கள் கொடுக்கவில்லை, முட்டி வலிக்கும் ஆஸ்பிரினுக்கும் நடுவில் செருகிவிட்டீர்கள். எனக்கு எழுத வைத்ததே அதுதான் என்று நினைக்கிறேன். ஓடும்போது வருகிறது, வேகத்தைக் குறைத்தால் போகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால், வேறு காரணம் என்று நிரூபிக்கப்படும்வரை அது இதயம்தான். இடம் தொண்டையா, தாடையா, தோள்பட்டையா, இடது கையா, மேல்வயிறா என்பது இரண்டாம்பட்சம். இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும் மார்பு, கை, கழுத்துப் பகுதி நரம்புகளும் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், வலி எங்கிருந்து புறப்பட்டது என்று மூளைக்குச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வலி என்றுகூடப் பலர் சொல்லமாட்டார்கள். அழுத்தம், இறுக்கம், யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி, "என்னவோ பண்ணுது", இப்படித்தான் சொல்வார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதெல்லாம் சினிமாவில் நிறைய, கிளினிக்கில் குறைவு.

இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு படிந்து வழி குறுகிவிட்டால், சும்மா இருக்கும்போது கிடைக்கிற ரத்தம் போதும், ஓடும்போது போதாது. தேவை கூடும் நேரத்தில் தசை முறையிடுகிறது, தேவையைக் குறைத்ததும் அடங்கிவிடுகிறது. மேட்டில் ஏறும்போதும், குளிர்காற்றிலும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இது சீக்கிரமே வரும். உங்களுக்கும் அப்படியா என்று யோசித்துப் பாருங்கள், மருத்துவரும் அதைத்தான் கேட்பார். யோசித்தால் போதும், வெளியே போய் ஓடிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டாம். "நேற்று இன்னும் வேகமாக ஓடிப் பார்த்தேன் டாக்டர், ஒன்றும் ஆகவில்லை" என்று வந்து பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிற இடம் அது.

"முதல் சில நிமிடம்தான், அப்புறம் வருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தைரியம் கொடுப்பதே இந்த வரிதான் என்று தெரிகிறது, எனக்கோ சந்தேகத்தைக் கூட்டுவது இதுதான். ஆரம்பத்தில் இறுக்கம் வந்து, உடம்பு சூடானதும் மறைந்து, பிறகு பல கிலோமீட்டர் ஓட விடுகிற ஆஞ்சைனா உண்டு. வார்ம்-அப் ஆஞ்சைனா என்றே அதைச் சொல்வோம். முதலில் வந்த சின்ன ரத்தப் பற்றாக்குறைக்கு இதயத் தசை கொஞ்சம் தன்னைப் பழக்கிக்கொள்கிறது, அதனால் அடுத்த சுற்றை வலியில்லாமல் சமாளிக்கிறது. அடைப்பு எங்கும் போய்விடுவதில்லை. ஓடாத ஆட்களைவிட ஓடுகிறவர்கள் இதில் சுலபமாக ஏமாறுகிறார்கள், ஏனென்றால் முதல் கிலோமீட்டர் எப்போதுமே மோசமாகத்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கேஸ் என்றால் அது சாப்பாட்டைப் பொறுத்தும் படுக்கையைப் பொறுத்தும் கூடும் குறையும். உங்கள் வேகத்தைப் பார்த்து வந்து, வேகத்தைப் பார்த்துப் போகாது. மாத்திரை போட்ட பிறகு குறைந்த மாதிரி இருந்தால், வேகத்தைக் குறைத்ததால் குறைந்ததா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஓடினால் வரும் ஆஸ்துமா என்று ஒன்று உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஓடி முடித்த பிறகு சில நிமிடங்கள் இன்னும் மோசமாகும், விசிலடிக்கிற மாதிரி மூச்சு வரும், இருமல் வரும். நின்ற உடனே சட்டென்று விட்டுப்போவது அதன் குணம் அல்ல. விரலால் அழுத்தினால் அதே இடத்தில் வலித்தால் தசை அல்லது விலா எலும்பு. நீங்கள் சொல்வது இதில் எதிலும் சேரவில்லை, அதோடு ஒன்றரை மாதமாகத்தான் வருகிறது. புதிதாக வந்த ஆஞ்சைனாவைப் பல வருடமாக ஒரே மாதிரி இருப்பதைவிட அவசரமாகப் பார்ப்போம், அது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாததால்.

நான்கு வருடம் ஓடியிருக்கிறேன், எனக்கா என்று கேட்பீர்கள். ஓட்டம் இதய நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது, நிச்சயமாக. அடியோடு நீக்குவதில்லை. அப்பாவிடமிருந்து வந்தது, அதற்கு முன் நாற்பது வருடம் எப்படி வாழ்ந்தோம் என்பது, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய சிகரெட், இவை எல்லாம் கணக்கில் அப்படியே நிற்கும். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள் இதய ரத்தக்குழாய் நோய் வந்திருந்தால் அதைக் குடும்ப வரலாறு என்று நாங்கள் தனியாகக் குறித்துக்கொள்வோம். உங்கள் அப்பாவுக்கு 51. அமெரிக்காவில் ஓட்டத்தைப் பொதுமக்களின் பழக்கமாக்கியதில் பெரும்பங்கு வகித்த ஜிம் ஃபிக்ஸ், 1984இல் ஓட்டத்தின்போது இறந்தார், வயது 52. இதைக் காட்டி "பார், ஓடினால் சாவு" என்று இன்றுவரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவருடைய அப்பாவுக்கு முதல் மாரடைப்பு வந்தது 35 வயதில், இறந்தது 43 வயதில் என்பதையும், அவரே ஒரு காலத்தில் நிறையப் புகைபிடித்தவர், அதிக எடையோடு இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய்களில் மோசமான அடைப்பு இருந்தது. ஓட்டம் அந்த அடைப்பை உண்டாக்கவில்லை, கரைக்கவும் இல்லை.

வீடியோ பயத்துக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்ததில், இதயம் நின்றுபோனது 59 பேருக்கு, அதில் இறந்தவர்கள் 42 பேர். அரை மாரத்தானைவிட முழு மாரத்தானில் அதிகம், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், ஆனாலும் மொத்தத்தில் மிக அரிது. நீங்கள் அந்த வீடியோக்களை வரிசையாகப் பார்ப்பதால் தினமும் நடப்பது மாதிரி தெரிகிறது. 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பிறவியிலேயே வரும் இதயத் தசைக் கோளாறு போன்றவை முக்கியக் காரணங்கள், அதற்கு மேல் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பு. எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் இதே கடிதத்தை எழுதியிருந்தால் வீடியோவை மூடிவிட்டு ஓடப் போங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். உங்களுக்கு அறிகுறி இருக்கிறது, அதனால் அந்தக் கணக்கை வைத்து ஆறுதல் தேட வேண்டாம்.

மருத்துவரிடம் போனதும் "கேஸ் மாதிரி இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு போனால், கூட்டமான நாளில் அவரும் அந்தப் பெயரையே எழுதிவிட வாய்ப்பு உண்டு. "ஓடினால் வருகிறது, வேகம் குறைத்தால் போகிறது, ஒன்றரை மாதமாக, அப்பாவுக்கு 51இல் பைபாஸ்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும், நிமிர்ந்து உட்காருவார். ஈசிஜி எடுப்பார்கள். அது நார்மல் என்று வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி, ஓடும்போது வருகிற தொந்தரவைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, நல்ல அடைப்பு இருக்கிறவர்களுக்கே அது நார்மலாக இருப்பது உண்டு. எக்கோ, ரத்தப் பரிசோதனைகள், அப்புறம் டிரெட்மில் டெஸ்ட் அல்லது சி.டி. ஆஞ்சியோகிராம், எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்வார். டிரெட்மில் என்றால் நீங்கள் ஓட்டப்பயிற்சி செய்கிறவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சாதாரண ஆளுக்கு வைக்கிற துடிப்பு இலக்கைத் தொட்டதும் மெஷினை நிறுத்திவிட்டால், உங்களுக்கு இறுக்கம் வருகிற இடத்துக்கே போகாமல் பரிசோதனை முடிந்துவிடலாம். உங்கள் வயதுக்கு என்று ஒரு பேக்கேஜில் முப்பது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு ஃபைலோடு உட்கார்ந்திருப்பது இதற்கு மாற்று இல்லை.

அதுவரை இடையில் அந்த இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் போகாவிட்டாலோ, வியர்வை, வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ, அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கிடையாது. ஆம்புலன்ஸ், நேராக அவசரப் பிரிவு. வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அதேபோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவதும் அவசரம். ஓடி முடித்து, கோட்டைத் தாண்டிச் சட்டென்று நின்றதும் தலை சுற்றுவது வேறு, அது பெரும்பாலும் ரத்தம் காலில் தேங்குவதால் வருவது, படுத்துக் காலை உயர்த்தினால் சரியாகும்.

மற்றவை எல்லாம் சில்லறை. கைக்கடிகாரம் 182 காட்டுவது பல சமயம் உங்கள் இதயத்தின் எண்ணே இல்லை. மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி அளக்கிற சென்சார், ஓடும்போது உங்கள் காலடிகளின் தாளத்தைத் துடிப்பு என்று எண்ணிவிடும், நிமிடத்துக்கு 160 முதல் 180 காலடி என்பது ஓடுகிறவர்களுக்குச் சாதாரணம். 220இல் வயதைக் கழிக்கிற கணக்கும் ஒரு சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். ஓய்வில் 50 என்பது, மயக்கம் தலைசுற்றல் இல்லாதவரை, பயிற்சி செய்த இதயத்தின் அடையாளம். நகம் கறுத்தது ஷூ முனையில் இடித்து உள்ளே ரத்தம் கட்டியதால், அரை சைஸ் பெரிய ஷூ வாங்கி நகத்தை ஒட்ட வெட்டுங்கள், தானாக விழுந்து முளைக்கும். படி இறங்கும்போது முட்டிச் சிப்பியைச் சுற்றி வலிப்பது தூரத்தை வேகமாகக் கூட்டியதன் விளைவு. தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பயிற்சி கொடுத்தால் அடங்கும், எப்படியும் இப்போது ஓய்வு கிடைக்கப்போகிறது.

ஐபுப்ரோஃபென் மட்டும் சில்லறை இல்லை. வலி வருவதற்கு முன்பே அதைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடுவது என்ன பழக்கம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நீண்ட ஓட்டத்தில் ஏற்கெனவே சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், இந்த மாத்திரை அதை மேலும் குறைக்கிறது. வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாக்கும். இதய நோய் இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. அதற்கு மேல் ஆஸ்பிரினையும் சேர்த்து, அவற்றின் மேல் கேஸ் மாத்திரை என்றால், உங்கள் வயிற்றின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஐபுப்ரோஃபெனை ஆஸ்பிரினுக்கு முன்பாகப் போட்டால் ஆஸ்பிரின் செய்ய வேண்டிய வேலையை அது தடுத்துவிடும் என்பது வேறு விஷயம். ஆஸ்பிரின் தேவையா என்பதைப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சொல்லட்டும், சொன்னால் அப்போது ஒழுங்காகப் போடுங்கள். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

பத்து வாரத்தில் பந்தயம் இருக்கிறதே என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. அடைப்பு எதுவும் இல்லை என்று தெளிவானால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஓடுங்கள், அதில் எனக்கும் சந்தோஷம். அடைப்பு இருந்து மருந்தோ ஸ்டென்ட்டோ வைத்தாலும் முறையான இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேதி மட்டும் வேறாக இருக்கும்.

கடைசியாக, வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஓட விடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு நானும் விடவில்லை, அதனால் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. உங்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இறுக்கம் வந்தால், இது கேஸ் இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்து "லேசாத்தான் டாக்டர்" என்று இழுக்கும்போது, நடந்ததை நடந்தபடி சொல்ல ஆள் வேண்டும்.