பூங்காவில் நடந்தபடி மனநல ஆலோசனை பெறுவது பயன் தருமா?

அறையில் அமராமல் பூங்காவில் நடந்துகொண்டே பேசலாம் என்று உங்கள் ஆலோசகர் சொல்வதாகவும், அது சரிவருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சரிவந்தது. ஆனால் அதற்கு மரங்கள் மட்டும் காரணமல்ல. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட சில ஏற்பாடுகளும் காரணம்.

அப்பா இறந்த சில மாதங்களில் பினாங்கில் ஓர் ஆலோசகரைப் பார்க்கத் தொடங்கினேன். குளிரூட்டிய சிறிய அறையில் அவருக்கு எதிரே அமர்ந்து, மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியையே பார்த்தபடி மூன்று சந்திப்புகளைக் கழித்தேன். நான்காவது சந்திப்பைத் தண்ணீர்மலைப் பக்கம், 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் வைத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சு பாதியில் நின்றாலும் கால்கள் நடந்துகொண்டிருப்பதால் அந்த மௌனம் உறுத்துவதில்லை. உதிர்ந்து கிடந்த நாகலிங்கப் பூவொன்றை எடுத்து, சிறுவயதில் அப்பா காட்டியதுபோல் அதன் படமெடுத்த மடலைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அவருடைய கடைசி வாரத்தில் மருத்துவமனைக்குப் போவதை நான் தள்ளிப்போட்டதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். ஆலோசகர் எதுவும் சொல்லவில்லை. நடையை மட்டும் சற்றுக் குறைத்துக்கொண்டார்.

நீங்கள் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது இரகசியக் காப்பைப் பற்றி. பினாங்கில் தெரிந்தவர் ஒருவர்கூடக் கண்ணில் படாமல் நம்மால் காலைநடை போய்விட முடியாது. இரண்டாம் முறையே உறவுக்கார அத்தை ஒருவர் எதிரே வந்து, “என்னம்மா, இன்னிக்கு லீவா? இவங்க யாரு?” என்றார். “தெரிஞ்சவங்க, அத்தை” என்று சொல்வதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால் தடுமாறவில்லை. மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, கட்டணம் எப்படி என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம்; குரங்குகள் விடா.

மலேசியாவின் ஆலோசகர் சட்டம் 1998இன்படி (சட்டம் 580) உங்கள் ஆலோசகர் பதிவு பெற்றவரா, தொழில் செய்வதற்கான சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூங்காவில் சந்திப்பதால் அந்த விதி தளர்ந்துவிடாது.

சன்னல்வழி மரங்களைப் பார்க்க முடிந்த நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சற்று விரைவாக வீடு திரும்பினர் என்று ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வைப் பலர் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது மருத்துவமனைச் சன்னலைப் பற்றிய ஆய்வே தவிர ஆலோசனையைப் பற்றியது அன்று. தற்கொலை எண்ணம் உள்ளவர்களும், திறந்த வெளியில் பதற்றம் கூடுபவர்களும் அறையிலேயே தொடங்குவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

கடைசி இரண்டு சந்திப்புகளை நானே கேட்டு மீண்டும் அந்த அறையில் வைத்துக்கொண்டேன். அழ வேண்டியிருந்தது, அதற்குச் சாத்திய கதவு வேண்டியிருந்தது.