ட்ரெயிலர் இழுத்தால் பெற்றோல் செலவு இரட்டிப்பாகுமா?

அன்புள்ள தம்பி,

பலரட்டில் வேலை கிடைத்திருப்பதாகவும், அடுத்த மாதம் மெல்பேர்ண் புறநகரான டண்டினோங்கை விட்டுக் குடும்பத்தோடு அங்கே இடம் மாறப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். மிகவும் மகிழ்ச்சி. உங்கள் பழைய கொறோலாக் காரின் பின்னால் ஆறுக்கு நாலடி ட்ரெயிலர் ஒன்றைக் கொழுவிச் சாமான்களைக் கொண்டு போனால் பெற்றோல் எவ்வளவு கூடும் என்றும், "இரண்டு மடங்கு குடிக்கும், லொறி பிடிப்பதே மேல்" என்று வேலையிடத்து நண்பர் சொன்னது சரிதானா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற ஒரு காரில்தான் பல வருடங்களாக ட்ரெயிலர் இழுத்து வருகிறேன். ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் லீற்றரையும் கிலோமீற்றரையும் கொப்பியில் குறித்து வைப்பது என் பழக்கம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓடிய யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் இலகுவில் விட்டுப் போவதில்லை. ஆகவே என் கொப்பியில் இருப்பதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். ஒழுங்காகச் சாமான் அடுக்கி, நிதானமான வேகத்தில் போனால் செலவு இரட்டிப்பாகாது; நூறு கிலோமீற்றருக்கு இரண்டு லீற்றர் அளவில்தான் கூடும். ஆனால் அதே ட்ரெயிலரை வைத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவழிப்பதும் முடியாத காரியமல்ல. அதை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் ஏற்றும் பாரத்தில் இருப்பதை விட, ஏற்றும் உயரத்திலும் ஓடும் வேகத்திலும்தான் அதிகம் இருக்கிறது.

ஊரில் நாங்கள் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கணக்குப் பார்த்தோம். அவுஸ்திரேலியாவில் நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று பார்ப்பார்கள். புதுக் கார்களின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எரிபொருள் அட்டையிலும் அந்தக் கணக்குத்தான் இருக்கும், அதுவும் ட்ரெயிலர் இல்லாமல் அளந்த கணக்கு. என் காரில் பிறீவே என்னும் விரைவுச் சாலை ஓட்டத்தில் தனியாகப் போனால் 6.8 லீற்றர், அதாவது லீற்றருக்கு 14.7 கிலோமீற்றர் வருகிறது. வெறும் ட்ரெயிலரைக் கொழுவினால் 8.0 லீற்றர் ஆகிறது. அதில் 230 கிலோ அளவில் சாமான் ஏற்றி, பக்கத் தகடுகளுக்கு மேலே எழும்பாமல் அடுக்கி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, 100 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 8.8 லீற்றர். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் ட்ரெயிலர் 1.2 லீற்றரைக் கூட்டியது. அதற்குள் ஏற்றிய 230 கிலோ பாரம் மேலதிகமாக 0.8 லீற்றரை மட்டுமே கூட்டியது. முதன்முதலில் இதைக் கண்டபோது கணக்குப் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பல தடவை அளந்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

காரணம் காற்று. கார் தனியாகப் போகும்போது அதன் வடிவம் காற்றை ஓரளவு ஒழுங்காகப் பிரித்துப் பின்னால் விடுகிறது. ட்ரெயிலரைக் கொழுவியதும் காருக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வெளியில் காற்று சுழல்கிறது. பெட்டியின் முன் தகடு அந்தக் காற்றை மறுபடியும் வாங்குகிறது. பின்னால் இன்னொரு சுழல் இழுக்கிறது. இந்தத் தடை வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடாமல், வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 100இல் போகிறவர் 110இல் போனால் காற்றின் தடை 21 வீதம் கூடுகிறது. 110இல் போகிறவர் 90க்கு இறங்கினால் அதே தடையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நேரத்தில் இழப்பது நூறு கிலோமீற்றருக்கு 12 நிமிடம். சின்னக் காரில் ட்ரெயிலர் இழுக்கிறவருக்கு அது மலிவான விலை என்பது என் எண்ணம்.

நீங்கள் போகும் திசையையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்பேர்ணிலிருந்து மேற்கே போகிறீர்கள். அந்தப் பக்கத்தில் அடிக்கடி வீசுவதும் மேற்குக் காற்றும் வடமேற்குக் காற்றும்தான். எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால், வேகமானியில் 100 காட்டினாலும் காற்றுக்கு நீங்கள் 120இல் போகிறவர்தான். தடை 44 வீதம் கூடிவிடும். வழியில் வரும் வெஸ்ட் கேற் பாலத்தின் உச்சியில் ட்ரெயிலர் பக்கவாட்டில் அசைவதை முதுகில் உணர்வீர்கள். அங்கே பதறாமல், வேகத்தை மெல்லக் குறைத்து, ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்திருந்தால் போதும்.

இப்போது நான் செய்த பிழையைச் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், பலரட்டுக்கு இடம் மாறிய ஒரு நண்பருக்காக அவருடைய உடுப்பு அலுமாரியை ஏற்றிக்கொண்டு போனேன். படுக்க வைத்தால் கண்ணாடிக் கதவு உடைந்துவிடும் என்ற பயத்தில், அதை நிமிர்த்தி நிற்க வைத்து நாலு பக்கமும் கயிறு கட்டினோம். அது கார்க் கூரைக்கு மேலே இரண்டடிக்குக் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தது. மேலே போர்த்திய தார்ப்பாயின் ஒரு மூலை வழியிலுள்ள மெல்ட்டனைத் தாண்டியதும் அவிழ்ந்து, உள்ளே காற்று புகுந்து, பாய்க்கப்பலின் பாய் போல ஊதி நின்றதைப் பின்கண்ணாடியில் பார்த்தேன். ஓரமாக நிறுத்திக் கட்டிவிட்டுப் போனேன்; சிறிது தூரத்தில் மறுபடியும் ஊதியது. எதிர்க்காற்று வேறு. நேரமாகிவிட்டது என்று 110இல் மிதித்தேன். தாங்கியில் 20 லீற்றர் இருக்கிறது, 145 கிலோமீற்றருக்குத் தாராளம் என்று நினைத்துப் புறப்பட்டவனுக்கு, பலரட்டுக்கு இன்னும் நாற்பது கிலோமீற்றர் இருக்கும்போதே பெற்றோல் விளக்கு எரிந்தது. அன்றைய கணக்கு 12.1 லீற்றர். அந்த அலுமாரி 80 கிலோவுக்கு மேல் இருந்திருக்காது. என் வாழ்நாளில் ட்ரெயிலரில் ஏற்றிய மிக இலேசான பாரங்களில் அதுவும் ஒன்று. உங்கள் நண்பரும் இப்படி ஏதாவது உயரமான பாரத்தையோ, கரவான் என்னும் வீட்டு வண்டியையோ இழுத்த அனுபவத்தில்தான் பேசியிருக்க வேண்டும். கரவான் என்பது காருக்குப் பின்னால் ஒரு சுவரைக் கட்டி இழுப்பதற்குச் சமம், அதற்கு அவர் சொன்ன கணக்குப் பொருந்தும்.

ஆகவே கட்டிலைக் கழற்றிப் பலகைகளாகப் படுக்க வையுங்கள். மெத்தையை நிமிர்த்தாமல் எல்லாவற்றுக்கும் மேலே தட்டையாகப் போடுங்கள். வாடகைக்கு எடுப்பதானால் உயரமான கம்பிக்கூடு பொருத்திய ட்ரெயிலரைத் தவிர்த்து, பக்கம் தணிந்ததைக் கேட்டு வாங்குங்கள். கூடு வெறுமையாக இருந்தாலும் அதன் கம்பி வலை காற்றைப் பிடிக்கும். தார்ப்பாய் கட்டினால் உள்ளங்கையால் தட்டிப் பார்க்கும்போது மேளம் போல இறுக்கமாக இருக்க வேண்டும்.

பாரம் பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. நகரத்துக்குள் கணக்கு மாறிவிடும். சிவப்பு விளக்குக்கு நின்று, மறுபடியும் 60க்கு எழும்பும் ஒவ்வொரு தடவையும் இயந்திரம் அந்தப் பாரத்தைப் புதிதாகத் தள்ளிவிட வேண்டும். பிரேக் பிடித்ததும் அந்தச் சக்தி முழுவதும் சூடாகப் போய்விடும். சாமானோடு சேர்த்து 430 கிலோ வரும் ட்ரெயிலரோடு நூறு தடவை இப்படி நின்று எழும்பினால் முக்கால் லீற்றர் பெற்றோல் அதற்கு மட்டும் செலவாகும். தூரத்தில் விளக்கு சிவப்பாக மாறுவதைக் கண்டதும் காலை எடுத்து உருள விடுவது காரைத் தனியாக ஓட்டும்போதும் நல்லதுதான், ட்ரெயிலரோடு போகும்போது அதன் பலன் இன்னும் கூடுதல்.

ஏற்றத்தைப் பற்றிப் பலரும் பயப்படுத்துவார்கள். வழியிலுள்ள பக்கஸ் மார்ஷ் ஊரைத் தாண்டியதும் பென்ட்லண்ட் மேடுகளில் நீண்ட ஏற்றம் வரும், கார் முனகும். பலரட் கடல்மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். ஆனால் 430 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்கத் தேவையான சக்தியைக் கணக்கிட்டால் 1.7 மெகாயூல் அளவில் வரும். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாயூலுக்கு மேல் சக்தி இருந்தாலும், சக்கரத்துக்கு வந்து சேர்வது அதில் கால்வாசி அளவுதான் என்று வைத்துக்கொண்டாலும், ட்ரெயிலரை ஏற்றியதற்கான செலவு கால் லீற்றருக்கும் குறைவுதான். ஏற்றத்தில் கவனிக்க வேண்டியது கியர் பெட்டியை. பழைய ஓட்டோமெற்றிக் கார்களில் கியர் மேலும் கீழும் மாறி மாறித் தவிக்கும். அது பெற்றோலையும் தின்னும், கியர் எண்ணெயையும் சூடாக்கும். உங்கள் கியர்த் தடியில் ஓவர்ட்றைவ் என்னும் மிக உயர்ந்த கியரை நிறுத்தும் பொத்தான் இருந்தால், ஏற்றம் தொடங்குமுன் அதை அழுத்திவிட்டு, மேலே சமதரைக்கு வந்ததும் மறுபடியும் விட்டுவிடுங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குறூஸ் கொன்றோலையும் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஏற்றத்தில் வேகம் 80க்கு இறங்குவதில் தவறில்லை, இடது ஓரப் பாதையில் போனால் ஒருவருக்கும் தொந்தரவில்லை.

ட்ரெயிலரும் ஒரு வண்டிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வன்னியில் உழவு இயந்திரப் பெட்டி இழுத்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக் கொல்லையில் மாதக் கணக்கில் கிடந்த ட்ரெயிலரின் ரயர்களில் காற்றுப் பாதிதான் இருக்கும். அந்த நிலையில் இழுத்தால் ரயர் நசிந்து நசிந்து உருண்டு, பெற்றோலையும் வீணாக்கும், சூடாகி வெடிக்கவும் கூடும். காருக்கும் ட்ரெயிலருக்கும் புறப்படும் அன்று காலையில், ரயர்கள் குளிர்ந்திருக்கும்போதே காற்றுப் பார்த்துவிடுங்கள். பிறகு பக்கஸ் மார்ஷில் தேநீருக்கு நிறுத்தும்போது, ட்ரெயிலர்ச் சக்கரத்தின் நடுக் குமிழில் புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. நான் ஒருமுறை இடது பக்கம் வைத்த கையை உடனே எடுக்க வேண்டியதாயிற்று. வலது பக்கம் வெறும் வெதுவெதுப்பு. பெயாறிங்கில் கிறீஸ் வற்றி, சக்கரம் இறுகி உருண்டிருந்தது. அதற்கு முந்திய இரண்டு பயணங்களிலும் கொப்பியில் அரை லீற்றர் கூடி நின்றதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சாமானோடு சேர்ந்த நிறை 750 கிலோவுக்கு உட்பட்ட சின்ன ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் தேவையில்லை. ஆனால் அந்த 750 முழுவதையும் உங்கள் கார் இழுக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. சின்னக் கார்கள் பலவற்றுக்குப் பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கான எல்லை 500 கிலோவுக்கும் குறைவு. சில ஹைபிரிட் கார்களுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது. காரின் கையேட்டையும் ட்ரெயிலரைக் கொழுவும் டோபாரில் அறைந்திருக்கும் தகட்டையும் பார்த்து, இரண்டில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ட்ரெயிலரின் சொந்த நிறையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். பாரமான பெட்டிகளை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பின்பாரம் கூடினால் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும், அது பெற்றோல் கணக்கை விடப் பெரிய விடயம்.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். டண்டினோங்கிலிருந்து பலரட் சுமார் 145 கிலோமீற்றர். தணிந்த பாரத்தோடு போக 12.8 லீற்றர், வெறும் ட்ரெயிலரோடு திரும்பி வர 11.6 லீற்றர், மொத்தம் 24.4. ட்ரெயிலர் இல்லாமல் போய் வந்தால் 19.7 லீற்றர். ஆக ட்ரெயிலருக்கான மேலதிகச் செலவு 4.7 லீற்றர், லீற்றர் 2 டொலர் என்று வைத்தாலும் பத்து டொலருக்குள் அடங்கும். அதே சாமானைக் காரின் பின் இருக்கையிலும் டிக்கியிலும் திணித்துக் கொண்டுபோக இன்னும் இரண்டு தடவையாவது போய்வர வேண்டும். அது 40 லீற்றருக்குக் கிட்ட. இந்தக் கணக்கில் ட்ரெயிலர் உங்களுக்குப் பெற்றோலை மிச்சப்படுத்தித் தருகிறது. குளிர்சாதனப் பெட்டியையும் பெரிய அலுமாரியையும் மட்டும் லொறி வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அவற்றை நிமிர்த்தி ஏற்றத்தான் வேண்டும், அந்த வேலை உங்கள் காருக்கு வேண்டாம்.

வாடகைக்கு எடுக்கவும் தேவையில்லை. என்னுடைய ட்ரெயிலர் சும்மாதான் நிற்கிறது. ரெஜிஸ்ரேஷன் இருக்கிறது, பெயாறிங்குகளுக்குப் போன மாதம்தான் கிறீஸ் போட்டேன், தார்ப்பாயும் கயிறும் உள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். முதல் நாள் பின்னேரம் வந்தால், வெறும் ட்ரெயிலரோடு றிவேர்ஸ் எடுக்கவும் அரை மணித்தியாலம் பழக்கிவிடலாம். வருமுன் உங்கள் டோபாரின் உருண்டை 50 மில்லிமீற்றரா என்றும், விளக்குக்கான செருகி தட்டையா வட்டமா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். என்னுடையது தட்டை, வட்டத்துக்கு மாற்றும் செருகி ஒன்று கராஜில் கிடக்கிறது, தேடி எடுத்து வைக்கிறேன்.