பால் குடிக்கும்போதே வியர்த்துத் தூங்கிவிடும் குழந்தை
இதயத்தில் ஓட்டை உள்ள உங்கள் குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்துத் தூங்கிவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே தடவையில் வயிறு நிறையக் குடிக்கவைக்கப் போராடாதீர்கள். 20–30 நிமிடத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை, மூன்று மாதத்தில் எடையும் ஏறவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாக நுரையீரலுக்கு அதிக ரத்தம் போவதால் மூச்சு வாங்கும், பால் உறிஞ்சுவதே அதற்குப் பெரிய உழைப்பாகிவிடும். உங்கள் மேல் தப்பே இல்லை, என் தப்போ என்ற குற்ற உணர்வை முதலில் விடுங்கள்.

நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணி, எடையோடு சேர்த்து இதய மருத்துவரிடம் நாளைக்கே சொல்லுங்கள். 50-ஐத் தாண்டினால் அன்றைக்கே காட்டுங்கள். குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால், அதன் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

அப்புறம், பால் பவுடரை நீங்களாகக் கெட்டியாகக் கலக்காதீர்கள். உதடு நீலமானாலோ குடிக்கவே மறுத்தாலோ, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.