தனிமையில் செல்போனும் கையுமாக இருந்ததில் என் சாப்பாட்டுப் பழக்கமே கெட்டுவிட்டது. மனக்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணமா?

இல்லை. உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். பல நேரம் இது பட்டினியில்தான் தொடங்குகிறது.

2020 ஊரடங்கில் என் தங்கை விடுதி அறையில் தனியாக மாட்டிக்கொண்டாள். வகுப்பெல்லாம் வீடியோவில். பாடம் நடத்துபவரைவிடத் திரை ஓரத்தில் தெரியும் தன் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாளாம், கன்னம் உப்பியிருக்கிறதா என்று. வகுப்பு முடிந்தால் உடம்பை இளைக்கவைக்கும் ரீல்ஸ். காலையும் மதியமும் சாப்பிடமாட்டாள். ராத்திரி சமையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, கைக்குக் கிடைத்ததையெல்லாம் நின்றபடியே வேகவேகமாகச் சாப்பிடுவாள். விடிந்ததும் குற்ற உணர்ச்சி, மறுபடி பட்டினி.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். சோதனை முடிந்து உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் சிலரால் நிறுத்த முடியவில்லை. என் தங்கை செய்ததும் அதேதான். பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

செல்போன் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு வீடியோவில் நீங்கள் சில நொடி கூடுதலாக நின்றாலே, பிடித்திருக்கிறது என்று செயலி கணக்குப் போட்டுவிடும். பசியில் சாப்பாட்டு வீடியோவில் நிற்பீர்கள், கவலையில் ஒல்லியான உடம்புகளில் நிற்பீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொட்டும். வெளியே நடமாடினால் எத்தனையோ விதமான உடம்புகள் கண்ணில் படும். அறைக்குள் அடைந்து கிடப்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதைக் கூட்டியதாகச் சொன்னார்கள். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்விலேயே இருந்த இந்த விவரம் 2021இல் வெளியே கசிந்தது.

செயலியை அழிப்பது நல்லதுதான், ஆனால் அதற்கும் முன்னால் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். ராத்திரி அளவு மீறிவிட்டாலும் காலைச் சாப்பாட்டை விடக் கூடாது, அங்கேதான் அந்தச் சுழல் உடையும். தங்கையோடு தினமும் மதியம் வீடியோ அழைப்பில் சேர்ந்து சாப்பிட்டேன். எடை, உடம்பு பற்றி ஒரு பேச்சும் கிடையாது. வகுப்பில் அவள் முகம் அவளுக்கே தெரியாதபடி மறைத்துவைக்கச் சொன்னேன். கொஞ்சம் தெளிந்தாள், ஆனாலும் முழுசாக மீண்டது மனநல மருத்துவரைப் பார்த்த பிறகுதான்.

சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, மலமிளக்கி மாத்திரை போடுவது, மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது, இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அடிக்கடி வாந்தியெடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். எடை சரியாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். உணவுப் பழக்கக் கோளாறு என்ற இந்த நோய் எந்த எடையிலும் வரும்.